யானைக்கு எந்தக் காலர்? செயற்கைக்கோள், செல்பேசி டவர், லோரா, வி.எச்.எஃப்: ஓர் ஒப்பீடு

காட்டு யானை எங்கே நிற்கிறது என்று அறிய அதன் கழுத்தில் கட்டும் கண்காணிப்புப் பட்டையான காலரில் எந்த வகையை வாங்குவது? வனக் கோட்ட அலுவலகங்களிலிருந்தும் ஆய்வு மாணவர்களிடமிருந்தும் வரும் இந்தக் கேள்வி பெரும்பாலும் கையில் சில விலைப்புள்ளிகளோடுதான் வருகிறது. செயற்கைக்கோள் வழியே தகவல் அனுப்பும் காலருக்கு ஒரு விலை, சிம் போட்ட காலருக்கு அதைவிடக் குறைவான விலை, குறைந்த மின்சாரத்தில் வானொலி அலை வழியே நம் சொந்தக் கோபுரத்துக்குத் தகவல் அனுப்பும், உள்ளூரிலேயே செய்து தருவதாகச் சொல்லும் லோரா காலருக்கு இன்னும் குறைவான விலை. இவற்றில் எதை வாங்குவது என்பதற்கு, விலையையும் "பேட்டரி எத்தனை ஆண்டு வரும்" என்ற வரியையும் வைத்துப் பதில் சொல்ல இயலாது. யானை நிற்கும் இடம் யாருக்குத் தெரிய வேண்டும், எத்தனை நேரத்துக்குள் தெரிந்தால் அவரால் ஏதாவது செய்ய முடியும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டால், பாதித் தேர்வு தானாகவே முடிந்துவிடும்.

காலருக்குள் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. ஜிபிஎஸ் ரிசீவர் தனக்குரிய செயற்கைக்கோள்களின் சிக்னலைப் பெற்று இடத்தைக் கணக்கிடுகிறது. அது யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை. கணக்கிட்டு வைத்த இடப்பதிவை நம் கணினிக்குக் கொண்டுவருவது வேறொரு மோடம். செயற்கைக்கோள் காலர், சிம் காலர், லோரா காலர் மூன்றிலும் முதல் வேலை ஒரே மாதிரிதான் நடக்கிறது. வேறுபடுவது இரண்டாவது வேலை. எனவே "எதில் இடம் துல்லியமாகக் கிடைக்கும்" என்பது இந்த மூன்றுக்குள் தேவையற்ற கேள்வி. நான்காவதான வி.எச்.எஃப் காலரில் ஜிபிஎஸ்ஸே கிடையாது; அது அனுப்பும் வானொலித் துடிப்பை ஆள் ஆன்டெனாவோடு தேடிப் போக வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

தாமதம். இலங்கையில் இடம்பெயர்க்கப்பட்ட ஆண் யானைகளுக்கு ஜிபிஎஸ் காலர் அணிவித்து, அவை திரும்பி வருகின்றனவா, அலைகின்றனவா, புதிய இடத்தில் தங்குகின்றனவா என்று பிருதிவிராஜ் பெர்னாண்டோ குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வைப் போன்ற பணிகளுக்கு, ஓர் இடப்பதிவு மூன்று நாள் கழித்து வந்தாலும் கெடுதல் இல்லை. தடாகம் பள்ளத்தாக்கில் இரவு எட்டு மணிக்கு வாழைத் தோட்டத்தை நோக்கி நடக்கும் யானையின் இடம் நள்ளிரவில் வந்து சேர்ந்தால் அதனால் யாருக்கும் பயனில்லை. இரண்டுக்கும் ஒரே காலரை வாங்குவதுதான் நான் அதிகம் காணும் தவறான தேர்வு.

வலைப்பரப்பு. யானை போகும் இடமெல்லாம் தகவல் வர வேண்டுமா, அல்லது மனிதர் வாழும் இடத்தை நெருங்கும்போது மட்டும் வந்தால் போதுமா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பேட்டரி. மணிக்கு ஒரு பதிவு என்றால் ஆண்டுக்கு 8,760 பதிவுகள். நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் 2,190. கால் பங்குப் பதிவு என்றால் நான்கு மடங்கு ஆயுள் என்று கணக்குப் போடத் தோன்றும். அது சரியாக வருவதில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தம் பாதை விவரத்தைத் தொடர்ந்து ஒலிபரப்புகின்றன. ரிசீவர் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் அந்த விவரம் ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்குத்தான் செல்லும். அதற்குள் அடுத்த பதிவு எடுத்தால் சில விநாடிகளில் வேலை முடியும். அதைத் தாண்டினால் புதிதாக வாங்க அரை நிமிடமோ அதற்கு மேலோ விழித்திருக்க வேண்டும். அடர்ந்த விதானத்தின் கீழ் இன்னும் கூடும். ஆகவே நாளுக்கு இரண்டே பதிவு என்று குறைத்தால், ஒவ்வொரு பதிவும் விலை கூடிய பதிவாகிறது. மேலும், பெரும்பாலான காலர்களில் பேட்டரியை அதிகம் தின்பது பதிவைவிட, தகவலை அனுப்பும் முயற்சியும் தோற்ற முயற்சிகளும்தான்.

விலங்கின் உடல். காலரின் எடை உடல் எடையில் 3 விழுக்காட்டுக்குள், மிஞ்சினால் 5 விழுக்காட்டுக்குள் என்பது பரவலான நெறி. யானைக்கு இது பிரச்சினையே இல்லை. செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் இதுவே முதல் அளவுகோல். யானையில் கவனிக்க வேண்டியவை வளரும் ஆணின் கழுத்துச் சுற்றளவும், பட்டைக்கு அடியில் தங்கும் ஈரமும். குனோ தேசியப் பூங்காவில் 2023 ஜூலையில் இரண்டு ஆண் சிவிங்கிப்புலிகள் அடுத்தடுத்து இறந்தபோது, புண்ணில் புழு வைத்து இரத்தத்தில் நஞ்சேறியது பேசப்பட்டது. காலருக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதில் கருத்து வேறுபாடு இருந்தாலும், மற்றவற்றின் காலர்கள் கழற்றிப் பார்க்கப்பட்டன. மழைக்காலம் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இதை ஒரு எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முழுச் செலவு. காலரின் விலை செலவில் ஒரு பகுதி மட்டுமே. மயக்க ஊசி செலுத்தக் கால்நடை மருத்துவர், கும்கிகள், அவற்றின் பாகன்கள், லாரி, தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி என்று ஒருமுறை அணிவிப்பதற்கே பெரும் ஏற்பாடு வேண்டும். காலர் பழுதானால் அதே ஏற்பாடு மறுபடியும் வேண்டும். மலிவான காலர் முதல் ஆண்டிலேயே நின்றுபோனால் அது மலிவானதல்ல.

| வகை | வழக்கமான தாமதம் | எங்கே பொருந்தும் | தொடர்செலவு | தூரத்திலிருந்து கட்டளை |
|---|---|---|---|---|
| செயற்கைக்கோள் | அமைப்பைப் பொறுத்துச் சில மணி நேரம் | டவர் இல்லாத பெருங்காடு | அதிகம் | சிலவற்றில் உண்டு |
| சிம் | டவர் கிடைத்தால் நிமிடங்கள் | காட்டோரக் கிராமம், தோட்டங்கள் | குறைவு | உண்டு |
| லோரா | நிமிடங்கள் | சிறிய, வரையறுத்த பகுதி | கோபுரப் பராமரிப்பு | வரம்புக்குட்பட்டு உண்டு |
| வி.எச்.எஃப் | ஆள் போய்த் தேடும் வரை | எங்கும், ஆள் இருந்தால் | ஆள் கூலி | இல்லை |

## செயற்கைக்கோள் காலர்

இதில் நான்கு அமைப்புகள் பெயரளவில் ஒன்றுபோல் தோன்றினாலும் நடைமுறையில் வெவ்வேறானவை.

இரிடியம் அமைப்பில் சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. உலகின் எந்த மூலையிலும் ஏதாவது ஒன்று தொடுவானுக்கு மேலே இருக்கும். இருவழித் தொடர்பு என்பதால், அலுவலகத்தில் இருந்தபடியே பதிவு இடைவெளியை மாற்றலாம். பலாப்பழக் காலத்தில் அரை மணி நேரத்துக்கு ஒன்று, மற்ற மாதங்களில் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளும் இந்த வசதிக்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம் என்பது என் கருத்து.

ஆனால் வாங்குபவர் கண்ணில் படாத ஒரு தாமதம் இங்கே ஒளிந்திருக்கிறது. இரிடியத்தின் குறுஞ்செய்திச் சேவையில் காலர்களில் வழக்கமாக உள்ள மோடம் ஒரு செய்தியில் 340 பைட் வரை அனுப்பும். கட்டணமும் மின்சாரமும் மிச்சமாகட்டும் என்று பல நிறுவனங்கள் சில பதிவுகளைச் சேர்த்து ஒரே செய்தியாக அனுப்பும்படி அமைத்துத் தருகின்றன. மணிக்கு ஒரு பதிவு, ஆறு பதிவுக்கு ஒரு செய்தி என்றால், திரையில் தெரியும் கடைசிப் புள்ளி சில நேரம் ஆறு மணி நேரம் பழையது. பள்ளத்தாக்கிலோ சோலைக் காட்டிலோ முதல் முயற்சி தோற்றால் அடுத்த முறை வரை இன்னும் தள்ளிப்போகும். 2024 பிப்ரவரியில் வயநாட்டின் மானந்தவாடி அருகே, கர்நாடகத்தில் காலர் அணிவிக்கப்பட்டு விடப்பட்ட மக்னா (தந்தமில்லாத ஆண் யானை) ஒருவரைக் கொன்றபோது, சிக்னல் விவரம் உரிய நேரத்தில் எல்லை தாண்டிக் கிடைத்ததா என்பதே இரு மாநிலங்களுக்கும் இடையே பெரும் சர்ச்சையானது. காலர் இருக்கிறது என்ற நிம்மதி எவ்வளவு பொய்யாகலாம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. விலைப்புள்ளி கேட்கும்போதே "ஒரு செய்திக்கு எத்தனை பதிவு, அதை நாங்களே மாற்ற முடியுமா" என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இன்மார்சாட்டின் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பவை. திறந்த வெளியில் தொடர்பு சீராக இருக்கும். ஆனால் செயற்கைக்கோள் நிற்கும் திசையை ஒரு மலைச்சரிவு மறைத்தால், யானை அங்கிருந்து நகரும் வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. இரிடியத்தில் செயற்கைக்கோள் நகர்ந்துகொண்டே இருப்பதால் சற்று நேரத்தில் வேறொன்று வேறு திசையில் வந்துவிடும்.

குளோபல்ஸ்டாரின் எளிய வகைக் கருவிகள் ஒருவழியானவை. செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அவற்றுக்குத் தெரியாது. திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும். செயற்கைக்கோள் பார்வைக்குள் தரைநிலையம் ஒன்றும் இருந்தாக வேண்டும் என்பதால், வேலை செய்யவிருக்கும் மாவட்டம் அதன் சேவைப் பரப்பு வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. ஆர்கோஸ் 1978 முதல் இயங்கும் மூத்த அமைப்பு. ஜிபிஎஸ் இல்லாமல் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டே இடம் சொல்லும் திறன் உள்ளது. அந்த வழியில் கிடைக்கும் நல்ல பதிவுகூட சுமார் 250 மீட்டர் பிழை உடையது, மோசமானது 1,500 மீட்டரைத் தாண்டும். கடலாமைக்கும் வலசைப் பறவைக்கும் அது சிறந்தது. யானை விரட்டும் குழுவுக்கு அல்ல.

மறைந்த செலவுகளில் முதன்மையானது அனுமதி. துராயா, இரிடியம் செயற்கைக்கோள் கைபேசிகளை அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். செயற்கைக்கோள் மோடம் கொண்ட காலரை இறக்குமதி செய்யவும் தொலைத்தொடர்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். காலர் சுங்கத்தில் கிடக்கும் மாதங்களில் பேட்டரியின் காலமும் கழிகிறது. அடுத்தது செயற்கைக்கோள் வழியே தகவல் அனுப்புவதற்கான கட்டணம்: திட்ட நிதி மார்ச் 31உடன் முடிந்து, புதுப்பிக்க யாரும் கையெழுத்திடாததால் நன்றாக இயங்கும் காலர் மௌனமாவதும் உண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகும், டவர் இல்லாத பெருங்காட்டுக்குள் இடம்பெயர்க்கப்படும் யானைக்குச் செயற்கைக்கோளைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. 2023இல் சின்னக்கானலிலிருந்து அரிக்கொம்பனைப் பிடிக்க முனைந்த கேரள வனத்துறை, செயற்கைக்கோள் காலரை அசாமிலிருந்து வரவழைத்தது. பெரியாறு, மேகமலை, கம்பம் என்று அலைந்து கடைசியில் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோய் விடப்பட்ட அந்த யானையின் பாதையில் பெரும்பகுதி எந்த டவரின் கண்ணுக்கும் எட்டாதது.

## சிம் போட்ட காலர்

செல்பேசிக் கோபுரங்கள் மனிதர் வாழும் இடத்தில்தான் நிற்கின்றன; யானை–மனித மோதலும் அங்கேதான் நடக்கிறது. இந்தப் பொருத்தத்தைப் பலரும் கவனிப்பதில்லை. காட்டுக்குள் இருக்கும் வரை பதிவுகள் காலரின் நினைவகத்தில் சேர்ந்துகொண்டிருக்கும். தோட்டத்தை நெருங்கி டவர் கிடைத்ததும் அத்தனையும் வந்து கொட்டும், புதிய பதிவுகள் நிமிடங்களில் வரத் தொடங்கும். 2019இல் டாப்ஸ்லிப் பகுதியில் விடப்பட்ட சின்னத்தம்பி யானை, உடுமலை சமவெளிக் கரும்புத் தோட்டங்களுக்கு நடந்தே வந்ததைப் போன்ற சூழலில், சிம் காலர் செயற்கைக்கோள் காலரைவிட விரைவாகவே தகவல் தரும். கூடலூர், வால்பாறை, தடாகம் போன்ற இடங்களில் எச்சரிக்கைதான் நோக்கம் என்றால் என் முதல் தேர்வு இதுவே.

சிக்கல் மோடத்தின் தலைமுறையில் இருக்கிறது. பழைய வடிவமைப்புக் காலர்கள் பல 2ஜி மட்டுமே பேசும். ஜியோவுக்கு 2ஜி வலையே இல்லை. சிங்கப்பூர் 2017இலேயே 2ஜியை மூடிவிட்டது. ஐந்து ஆண்டு உழைக்க வேண்டிய காலரை இன்று 2ஜி மோடத்துடன் வாங்குவது சரியல்ல. எந்த நிறுவனத்தின் சிம் என்பதையும் விற்பவரிடம் விட்டுவிடாமல், அந்தச் சரகத்தின் வேட்டைத் தடுப்புக் காவலர்களைக் கேட்க வேண்டும். எந்த மேட்டில் எந்தக் கம்பெனி சிக்னல் எத்தனை கோடு காட்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கட்டணம் குறைவு என்பதும் எப்போதும் உண்மையல்ல. 2019இல் ரஷ்ய ஆய்வாளர்கள் கண்காணித்த புல்வெளிக் கழுகுகளில் ஒன்று, கோடை முழுவதும் கசக்ஸ்தானில் டவர் இல்லாத இடத்தில் கழித்துவிட்டு நேராக ஈரானுக்குப் பறந்தது. தேங்கிக் கிடந்த குறுஞ்செய்திகள் அத்தனையும் அங்கிருந்து, ஒன்றுக்கு 49 ரூபிள் வீதம் அனுப்பப்பட்டதில் திட்டத்தின் பணமே தீர்ந்து, பொதுமக்களிடம் நன்கொடை கேட்க வேண்டியதாயிற்று. நம் பகுதி யானைகள் நாட்டு எல்லையைத் தாண்டப் போவதில்லை. ஆனால் தேங்கிய பதிவுகள் ஒரே மூச்சில் வரும் நாளில் பேட்டரி இறங்குவதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

## லோரா

இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் உரிமம் இல்லாமலே இயங்கலாம். மோடம் சிறியது, மின்சாரம் மிகக் குறைவாகப் போதும், மாதக் கட்டணம் இல்லை. சிக்னலைப் பெறும் கோபுரம் நம்முடையது என்பதுதான் இதன் பலமும் பலவீனமும். பார்வைக்கு மறைப்பில்லாத சமவெளியில் பத்து கிலோமீட்டரைத் தாண்டிக் கேட்கும் சிக்னல், மடிப்பு மடிப்பான மலையில் அடுத்த ஓடைக்கு அப்பால் கேட்காது. ஆகவே கண்காணிப்புக் கோபுரங்களின் மேல் பல இடங்களில், சிக்னலைப் பெற்று இணையத்துக்கு அனுப்பும் நுழைவாயில் கருவிகளை வைத்து, சோலார் தகடு, பேட்டரி, இணைய இணைப்பு, இடிதாங்கி என எல்லாவற்றையும் பராமரிக்க ஓர் ஆள் நிரந்தரமாக வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் எந்தக் கணக்கில் என்று சொல்ல முடியாத கோட்டங்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. ஒரு சரணாலயத்துக்குள்ளேயே சுற்றும், சிறிய காலர் மட்டுமே தாங்கும் விலங்குகளுக்கு இது சிறந்த தேர்வாகலாம்.

## வி.எச்.எஃப்

1990களில் நீலகிரி உயிர்க்கோளப் பகுதியில் அஜய் தேசாய் உள்ளிட்டோர் யானைகளின் வாழிட எல்லையை ஆராய்ந்தது இந்த வழியில்தான். கையில் யாகி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிச் சத்தம் கூடும் திசையைக் குறித்து, இன்னோர் இடத்திலிருந்தும் குறித்து, இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தைக் காண வேண்டும். மலையில் எதிரொலித்து வரும் சிக்னல் ஏமாற்றும். இரவில் ஆபத்தும் உண்டு. தனியாக இதை மட்டும் இன்று யானைக்கு வாங்கும்படி நான் சொல்லமாட்டேன். ஆனால் மற்ற மூன்று வகைகளில் எதை வாங்கினாலும் உள்ளே வி.எச்.எஃப் துடிப்பான் இல்லாத காலரை வாங்கக் கூடாது. மோடம் செத்த பிறகும் யானையை நெருங்க உதவுவது அது மட்டுமே.

## தகவல் நின்றுபோனால்

வகைகளுக்கு இடையேயான உண்மையான வேறுபாடு காலர் நன்றாக இயங்கும்போது தெரிவதில்லை. மௌனமாகும்போது எவ்வளவு கண்டுபிடிக்க முடிகிறது என்பதில்தான் தெரியும்.

முதலில் கடைசியாக வந்த பத்துப் பதினைந்து வரிகளைப் பார்க்க வேண்டும். செய்தி வருகிறது, ஆனால் இடம் காலியாக இருக்கிறது என்றால் கோளாறு ஜிபிஎஸ் பக்கம்: அடர்ந்த விதானம், அல்லது பட்டை சுழன்று ஆன்டெனா கழுத்துக்கு அடியில் போயிருத்தல். யானைக் காலரில் ஆன்டெனாப் பெட்டி பிடரியின் மேல் வானைப் பார்த்து நிற்பதற்காகவே கீழே கனமான எடை தொங்கவிடப்படுகிறது. பட்டை இறுக்கம் சரியாக இல்லாவிட்டால் அந்தச் சமநிலை கெடும். செய்தியே வரவில்லை, முந்தைய பதிவுகள் நல்ல தரத்தில் இருந்தன என்றால், சந்தேகம் மோடத்தின் மேலோ, பேட்டரியின் மேலோ, கட்டாத கட்டணத்தின் மேலோ போக வேண்டும். செயற்கைக்கோள் காலரில் பல மணி நேர மௌனம் இயல்பானது. சிம் காலரில் யானை காட்டுக்குள் போனால் பல நாள் மௌனமும் இயல்பானதே. இதைக் களப்பணியாளர்களுக்கு முன்பே சொல்லிவைக்காவிட்டால் வீண் பதற்றம்தான் மிஞ்சும்.

பேட்டரி மின்னழுத்தத்தை நம்பி ஆயுளைக் கணிப்பதும் தவறாகவே முடியும். இக்காலர்களில் பரவலாக உள்ள 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு செல்கள் ஏறத்தாழ கடைசி வரை அதே மின்னழுத்தத்தைக் காட்டி, பிறகு சட்டென்று விழும். அனுப்பிய செய்திகளையும் தோற்ற முயற்சிகளையும் எண்ணி வைப்பதே நம்பத்தக்க வழி.

பதிவு அட்டவணையில் வரும் நேரம் பெரும்பாலும் கிரீன்விச் நேரம். 18:30 என்று எழுதியிருந்தால் அது நமக்கு நள்ளிரவு. இதை மறந்து மாலை ஆறரைக்கு யானை எங்கே இருந்தது என்று ஊராரிடம் விசாரிப்பது எந்த வகைக் காலரிலும் நடக்கக்கூடிய பிழை. அட்சரேகை 11.50 பாகை என்று வந்ததை 11 பாகை 50 கலை (நிமிடம்) என்று கருவியில் இட்டால் குழு 37 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். புதிய காலர் பக்கவாட்டில் ஒட்டிய காந்தத்தோடு அணைந்த நிலையில் வரும். அதை எடுத்த பிறகே இயங்கத் தொடங்கும். காந்தத்தை எடுத்து, திறந்த மொட்டை மாடியில் ஒரு வாரமாவது இயக்கிப் பார்த்த பிறகே மயக்க ஊசிக்கு நாள் குறிக்க வேண்டும்.

## காலரே வேண்டாம் என்னும் தேர்வு

ஒரு யானைக்குக் காலர் அணிவித்தால் அந்த ஒரு யானையைப் பற்றி மட்டுமே தெரியும். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் 2011 முதல் நடத்திவரும் குறுஞ்செய்தி எச்சரிக்கையும் சிவப்பு விளக்குகளும் காலரை நம்பி இயங்குபவை அல்ல; யானையை நேரில் பார்ப்பவர் தரும் தகவலை நம்பி இயங்குபவை. மதுக்கரை ரயில் பாதையில் 2024இல் இயங்கத் தொடங்கிய 12 கோபுரங்களின் கேமராக்களும், கடக்கும் யானை எதுவாயினும் காட்டும். பல கூட்டங்கள் வந்து போகும் இடத்தில் இவ்விரண்டும் காலரைவிட மேல். குறிப்பிட்ட ஓர் ஆண் யானை திரும்பத் திரும்ப வருகிறது, அதை அடையாளம் காண முடிகிறது, அதன் பாதையைப் பின்தொடர இரவும் பகலும் ஆள் இருக்கிறது என்னும் மூன்றும் சேர்ந்தால் மட்டுமே காலருக்கான கொள்முதல் கோப்பைத் திறக்கலாம். மூன்றாவது இல்லாத கோட்டம், அந்தப் பணத்தில் முதலில் ஆட்களை நியமித்துக்கொள்ளட்டும்.